திருகோணமலைக் கடற்கரை: மாதம், மணி, கரை மூன்றையும் பார்த்துப் போய்வர ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலைக்கு வந்து ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் நேரம் தவறி வந்தவர்கள். தெற்குக் கரையின் காலிக்கும் மாத்தறைக்கும் பொருந்துகிற டிசம்பர் விடுமுறையில் இங்கே வந்தால் மழையும் கலங்கிய கடலும்தான் கிடைக்கும். சரியான மாதத்தில் வந்தவர்கள்கூட, ஆறுதலாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 11 மணிக்குப் பவளப்பாறைகள் உள்ள புறாத்தீவுக்குப் படகேறினால், காற்று எழும்பிய நீரிலும் நெரிசலிலும் பவளத்தின் பாதி அழகைத்தான் காண்பார்கள். மாதத்தையும் மணியையும் சரியாகப் பிடித்துவிட்டால், அதிகம் செலவழிக்காமலே இலங்கையின் மிக அமைதியான கடலில் மூன்று நான்கு நாட்கள் குளித்துவிட்டு வரலாம்.

எந்த மாதம்

திருகோணமலை இருக்கும் கிழக்குக் கரைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும்; நவம்பரும் டிசம்பரும் உச்சம். வங்கக்கடலில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் இந்தக் காலத்தில்தான் கரையைத் தொடும். காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடிப்பதால் அலை உயர்ந்து, மணல் அரிந்து, கரையே சில இடங்களில் ஒடுங்கிப்போகும். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் அது கொண்டுவரும் சேறு சுற்றுக் கடலைக் கலக்கிவிடும்.

பெப்ரவரியில் மழை ஓய்ந்தாலும் கடல் உடனே அடங்காது. மார்ச்சில் மெல்லத் தெளியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடற்கரைக் காலம். இதற்குள்ளும் வேறுபாடு உண்டு. ஏப்ரலில் காற்று குறைவு, நீர் மிகத் தெளிவு, ஆனால் பின்னேரங்களில் இடிமழை வரலாம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய அனல் காற்றாக இங்கே இறங்கும். இதைத்தான் கச்சான் என்பார்கள். பகல் வெப்பம் 35 பாகையை எட்டும், உதடு வெடிக்கும், ஆனால் மழை அபூர்வம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மே மாதத்தையோ செப்டம்பர் முதல் பாதியையோ எடுங்கள். சித்திரைப் புத்தாண்டு வாரத்திலும் ஓகஸ்ட் பள்ளி விடுமுறையிலும் அறை வாடகை ஏறும். புறாத்தீவில் கால் வைக்க இடமிருக்காது. போயா தினத்தோடு ஒட்டி வரும் நீண்ட வார இறுதிகளும் அப்படித்தான். நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். போயா அன்று இலங்கை முழுவதும் மது விற்பனை கிடையாது என்பதும் சிலருக்கு முக்கியமாக இருக்கலாம்.

வந்து சேர்வது

கொழும்பிலிருந்து சாலைவழி சுமார் 260 கிலோமீற்றர். குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக 6 மணி நேரம் பிடிக்கும். புறக்கோட்டையிலிருந்து குளிரூட்டிய பஸ்களும் சாதாரண பஸ்களும் உண்டு. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு அஞ்சல் ரயிலில் ஏறினால் விடியலில் திருகோணமலையில் இறங்கலாம். பாதை கல்லோயாச் சந்தியில் பிரிகிறது. ஒரு கிளை மட்டக்களப்புக்கும் மற்றது திருகோணமலைக்கும் போகும். ஆகவே உங்கள் பெட்டி எந்த ஊருக்குரியது என்பதை ஏறும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். படுக்கை இருக்கைகள் மிகக் குறைவு, முன்பதிவு திறந்த நாளிலேயே தீர்ந்துவிடும்.

சொந்த வாகனத்திலோ வாடகை வானிலோ வருகிறவர்கள் ஹபரணையைப் பொழுது சாயுமுன் தாண்டிவிட வேண்டும். அங்கிருந்து கந்தளாய் வரையான காட்டுப் பாதையில் மாலை 5 மணிக்குப் பிறகு யானைகள் வீதிக்கு ஏறும். படம் எடுக்க வண்டியை நிறுத்துவதும், வண்டியிலிருந்து பழம் எறிவதும் உயிராபத்து. பழத்துக்குப் பழகிய யானை அடுத்த வண்டியை மறிக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக நேரடி பஸ் உண்டு. 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மட்டக்களப்பிலிருந்து கரையோர வீதியால் வந்தால் கிண்ணியாப் பாலத்தைக் கடப்பீர்கள். 2009 இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு முன்பு வாகனங்களெல்லாம் ஏற்றிக் கடத்தும் படகுக்குக் காத்துக்கிடந்தன.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம். பலாலிக்குப் பறந்து யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு இறங்கிவருவது இன்னும் நல்ல வழி. கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இணையவழிப் பயண அனுமதியை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் பெறுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் கட்டணம் பிடுங்கும்.

நகரப் பஸ் நிலையத்தில் இறங்கியதும் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று பலகை போட்ட எந்தப் பஸ்ஸும் உப்புவெளி வழியாகத்தான் போகும். விடுதியின் முகவரியில் ‘6ஆம் கட்டை’ போல ஓர் எண் இருந்தால் அது மைல் கணக்கு. நடத்துநரிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும். ஓட்டோவானால் ஏறுமுன் கூலி பேசுங்கள். பெட்டி படுக்கைகளோடு நிற்கிறவரிடம் முதலில் சொல்லும் தொகை எப்போதும் கூடத்தான் இருக்கும்.

எந்தக் கரையில் தங்குவது

இந்தத் தெரிவு பயணத்தின் பாதி. நகரத்துக்குள் உள்ள டச்சுக்குடாக் கரை மாலை உலாவலுக்கு நல்லது: சுண்டல், வடை, பட்டம் விடும் பிள்ளைகள், பின்னணியில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை. குளிக்கவென்று வருகிறவர்கள் நகரில் தங்கத் தேவையில்லை.

உப்புவெளி நகரிலிருந்து வடக்கே 4 முதல் 6 கிலோமீற்றர். விடுதிகள், உணவகங்கள், சுழியோடிப் பயிற்சி நிலையங்கள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. வாகனமில்லாதவர்கள், தனியாக வருகிறவர்கள், கோயிலுக்கும் கடைக்கும் அடிக்கடி போக நினைப்பவர்கள் இங்கே தங்கட்டும். நிலாவெளி சுமார் 16 கிலோமீற்றர் வடக்கே. கரை அகலம், ஆள் குறைவு, இரவில் சத்தமே இருக்காது. புறாத்தீவு அதற்கு நேரெதிரே சுமார் ஒரு கிலோமீற்றரில் தெரியும். குழந்தைகளோடு வந்து நாள் முழுக்கக் கரையிலேயே இருக்க நினைக்கும் குடும்பத்துக்கு நிலாவெளி. ஆனால் அங்கே விடுதிக்கு வெளியே இரவுச் சாப்பாடு கிடைப்பது சிரமம், அதனால் சாப்பாடு சேர்த்து அறை பேசுவது நல்லது.

நீந்தத் தெரியாதவர்களும் மிகச் சிறு பிள்ளைகளும் இருந்தால் ஒரு நாளை மார்பிள் பீச்சுக்கு ஒதுக்குங்கள். சீனக்குடாப் பக்கம், விமானப்படையின் பராமரிப்பில், நுழைவுக் கட்டணத்தோடு உள்ள சின்ன வளைகுடா அது. திறந்த கடலின் அலை உள்ளே வராததால் நீர் பெரும்பாலும் அசைவற்றுத் தெளிந்திருக்கும். வார இறுதியைத் தவிர்த்துக் காலை 8 மணியளவில் போனால் கரை உங்களுக்கே.

அறை பேசும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கடலுக்கும் அறைக்கும் நடுவே வீதி குறுக்கிடுகிறதா? குளியலறையில் வருவது நல்ல தண்ணீரா, உவர் நீரா? மின் தடையின்போது ஜெனரேட்டர் விசிறியையாவது ஓட்டுமா? இரண்டாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கரையோரக் கிணறுகள் பல உவர். நாள் முழுதும் உப்பில் ஊறிய உடம்பை மறுபடி உவரில் கழுவினால் குழந்தைகளுக்கு மடிப்புகளில் புண்ணாகும்.

கடலில் இறங்குவது

இங்கே வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே நீர் ஏறும் இறங்கும் நேரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது காற்றும் நீரோட்டமும்.

கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் கரையோரம் நீர் கண்ணாடிபோலக் கிடக்கிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. காற்றடைத்த மெத்தை, டயர், பிள்ளைகளின் வளையம் எதுவானாலும் அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது. திரும்பிப் பார்க்கும்போது பிள்ளை 50 மீற்றர் தள்ளி இருக்கும். காற்றடைத்த பொருள்களைத் திறந்த கடலில் பயன்படுத்தவே வேண்டாம். சிறு பிள்ளைகளோடு நிற்கும் பெரியவர் எப்போதும் கடல் பக்கமாக, கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கரையில் இருந்தபடி பார்த்துக்கொள்வது காவல் ஆகாது.

உள்ளிழுக்கும் நீரோட்டத்தைக் கண்ணால் அடையாளம் காணலாம். இருபுறமும் அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், நிறம் கறுத்து, நுரையும் குப்பையும் கடல் நோக்கி நகர்ந்தால் அதுதான் இழுப்பு. பார்ப்பதற்கு அமைதியாக இருப்பதால் பலரும் அந்த இடத்தையே குளிக்கத் தேர்ந்துவிடுகிறார்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள், களைத்துத்தான் போவீர்கள். மிதந்து மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையே சாம்பல்தீவுப் பக்கம் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம். மணல் அடி நாளுக்கு நாள் மாறும், நீர் உள்ளும் புறமும் வேகமாகப் பாயும்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் சேலையோடும் சுடிதாரோடும் கடலில் இறங்குவது வழக்கம். நனைந்த பருத்தித் துணி பல கிலோ கனக்கும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும், காலைப் பின்னும். முழுக்கையும் முழுக்காலும் உள்ள நீச்சல் உடைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன; உடம்பை மூடும், வெயிலையும் தடுக்கும், நீரில் கனக்காது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்று வாங்குவது இந்தப் பயணத்துக்கான சிறந்த செலவு.

அதிகாலையில் கரைவலை இழுப்பவர்களைக் காண்பீர்கள். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் பெரிய வளைவாக நீண்டிருக்கும். அந்த வளைவுக்குள் குளிக்காதீர்கள், இறுகிய கயிற்றைத் தாண்டாதீர்கள். அனுமதி கேட்டுக் கயிற்றில் கை கொடுத்தால் வேண்டாமென்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். வலை ஏறியதும் கரையிலேயே மீன் வாங்கலாம். பாரை, சூடை, கீரி என்று அன்றன்று விழுவதைப் பொறுத்தது. பல விடுதிகள் சிறு கூலிக்குச் சமைத்தும் தரும்.

சொறி (ஜெல்லிமீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சிறு இடுக்கியால் எடுத்து, தாங்கக்கூடிய சூட்டு நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். பாறைப் பக்கம் கடல் முள்ளெலி குத்தினாலும் இதே சூட்டு நீர்தான். ஆழப் புதைந்த முள்ளைத் தோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். பொலிஸ் எண் 119. மாவட்டப் பொது வைத்தியசாலை நகரிலேயே இருக்கிறது.

புறாத்தீவு

ஊரார் புறாமலை என்றும் சொல்லும் இந்தத் தீவுக்காகவே பலர் வருகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத்தீவுகள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998 இன் கடல் வெப்பம் இலங்கையின் தென்மேற்குப் பவளப்பாறைகளை வெளிறடித்து அழித்தபோது இந்தப் பக்கம் பெருமளவு தப்பியது. அப்படித் தப்பியதை இன்று அதிகம் சிதைப்பது பார்க்க வருகிறவர்களின் கால்கள்தான்.

செலவு மூன்று துண்டுகளாக வரும்: வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு, அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும், பிறகு படகுக் கூலி. இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டைக் கையில் கொண்டு போங்கள். படகுக் கூலி பெரும்பாலும் படகுக்குத்தானே தவிர ஆளுக்கல்ல, ஆகவே இரண்டு பேர் மட்டும் வந்திருந்தால் கரையில் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் பாதி மிச்சம். தரகர் மொத்தத் தொகை சொன்னால், அதில் நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்கிறதா, முகமூடியும் துடுப்புக் காலணியும் சேர்ந்திருக்கின்றனவா, எத்தனை மணிக்குத் திரும்பக் கூட்டிவருவார்கள் என்ற மூன்றையும் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கொடுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து போனால் 10, 15 நிமிடம். உப்புவெளியிலிருந்து படகில் போவது நீண்ட பயணம், கூலியும் கூட; பஸ்ஸில் நிலாவெளிக்குப் போய் அங்கே ஏறுவதே மலிவு.

முதல் நாள் மாலையே படகுக்காரரிடம் பேசி வையுங்கள். காலையில் சீட்டுக்கூடம் திறக்கும்போது வரிசையில் முதலாவதாக நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம்தான் தீவின் பொற்காலம்: காற்று எழும்பாது, மணல் கலங்காது, மீன்கள் மிரளாது. 10 மணிக்கு மேல் கூட்டம் படகு படகாக வந்து இறங்கும். நண்பகலுக்குப் பிறகு நீர் சிலிர்க்கத் தொடங்கும், திரும்பும் படகில் நனையாமல் இருக்க முடியாது.

முகமூடியைக் கரையிலேயே சோதியுங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சினால், கை விட்டாலும் அது ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அந்த அளவு உங்களுக்கல்ல, வேறு கேளுங்கள். உள்ளே ஒரு முடி மாட்டினாலும் நீர் கசியும். அடர்ந்த மீசை உள்ளவர்கள் மேலுதட்டில் சிறிது வாசலின் தடவலாம். கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு துளி குழந்தை ஷாம்பூ தேய்த்துக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் ஆவி படியாது. வாரை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். இறுக்க இறுக்க ஓரம் மடிந்து இன்னும் கசியும். வாயில் கவ்வும் மூச்சுக்குழாயில் நீர் புகுந்தால் தலையைத் தூக்காமலே ‘தூ’ என்று பலமாக ஊத வேண்டும். அதை இடுப்பளவு நீரில் நின்று ஐந்தாறு முறை பழகிவிட்டு ஆழத்துக்குப் போங்கள். நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி பார்க்கலாம். பவளம் கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது.

கால் ஊன்றலாமா என்று கேட்கவே வேண்டாம். மணலில் மட்டும்தான் நிற்கலாம். பவளம் கல் அல்ல, உயிர். உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். ஒரு மிதியில் ஒடிவது ஒரு மனித ஆயுளின் வளர்ச்சியாக இருக்கலாம். துடுப்புக் காலணி பழக்கமில்லாதவர்கள் அதை அணியாமல் இருப்பதே நல்லது, தடுமாறும்போது அதுதான் பவளத்தை உடைக்கும். களைத்தால் மல்லாந்து மிதங்கள், அல்லது மணல் திட்டுக்குத் திரும்புங்கள். பாணும் பிஸ்கட்டும் போட்டு மீனைக் கூட்டாதீர்கள்: பாசியைத் தின்று பவளத்தைத் துப்புரவாக வைக்கும் மீன்கள் அந்த வேலையை விட்டுவிடும். உடைந்த பவளத் துண்டையோ சிப்பியையோ எடுத்துவருவது சட்டப்படி குற்றம். வெயில் பூச்சு பூசினால் துத்தநாக வகையைப் பூசுங்கள். இன்னும் நல்லது முழுக்கைச் சட்டை. மிதந்தபடி ஒரு மணி நேரம் கிடக்கும் முதுகைக் காலை வெயிலே தோலுரித்துவிடும்.

கருமுனைச் சுறாக்களைக் காணும் வாய்ப்பு நல்லதாகவே உண்டு. ஒன்று, ஒன்றரை மீற்றர் நீளம், முதுகுத் துடுப்பின் நுனி கறுப்பு. கூச்ச சுபாவம் கொண்டவை, துரத்தினால் மறைந்துவிடும். அசையாமல் மிதந்தால் தாமாகவே வட்டமிட்டு வரும். எந்தப் பக்கம் அன்றைக்குத் தெளிவாக இருக்கிறது என்று பூங்கா ஊழியரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தீவில் கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி, பாறையில் நடக்க ரப்பர் செருப்பு, ஒரு துவாய். பொலித்தீனும் உணவுப் பொதியும் வேண்டாம்.

ஆழ்நீரில் சுழியோடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பலமுறை சுழியோடிய பின் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. கடலிலிருந்து நேரே 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவுக்கு அன்றே வண்டியேறுவதும் அதே காரணத்தால் ஆபத்து.

திமிங்கிலம் பார்க்க

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஓடுகிறது. ஆழம் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதால்தான் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே தென்படுகின்றன. மார்ச் இறுதியிலிருந்து ஓகஸ்ட் வரை படகுகள் போகும். விடியற்காலை 5.30, 6 மணிக்குப் புறப்பட்டு 3 மணி நேரம் வரை ஆகும். திறந்த சிறு படகுகள் என்பதால் நிழல் கிடையாது. குமட்டல் வருகிறவர்கள் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் மாத்திரை போட்டு, வெறும் வயிறாக இல்லாமல் இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு போடும் மாத்திரை பயன் தராது. 100 மீற்றருக்கு உள்ளே நெருங்காத, பாதையை மறிக்காத படகோட்டியைத் தேர்ந்தெடுங்கள். ‘கிட்டக் கொண்டு போறன்’ என்று ஆசை காட்டுகிறவரை விட்டுவிடுங்கள். திமிங்கிலம் தென்படாத நாளும் உண்டு. ஓங்கில் (டொல்பின்) கூட்டம் மட்டும் பெரும்பாலும் ஏமாற்றாது.

கோணேசர் கோயிலும் கன்னியாவும்

சம்பந்தர் பாடிய கோணமாமலையைப் பார்க்காமல் போவது முறையல்ல. 1622 இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் இன்று பிரடெரிக் கோட்டையாக நிற்கும் அரணுக்குப் போயின. கோட்டை வாயிலுக்குள் நுழைந்துதான் மலை உச்சிக் கோயிலுக்கு ஏற வேண்டும். இப்போதும் படையினர் இருக்கும் இடம் அது, முகாம்களைப் படமெடுக்காதீர்கள். வழியெங்கும் மான்கள் மேயும், பிளாஸ்டிக் பைகளைத் தின்று சாகும் மான்கள் அவை; எதுவும் கொடுக்காதீர்கள், கையில் பையை ஆட்டாதீர்கள்.

மாலை 4 மணிக்குப் பிறகு ஏறினால் கல் சுடாது, மாலைப் பூசையும் கிடைக்கும். கல் தளத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருப்பதால் நண்பகலில் போகிறவர்கள் கொப்புளத்தோடுதான் இறங்குவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கடற்கரை உடையோடு வந்து திரும்பிப் போகிறவர்களைத் தினமும் காணலாம். இராவணன் வெட்டு என்னும் செங்குத்துப் பிளவின் ஓரத்தில் தடுப்புக்கு வெளியே எட்டிப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். சிவராத்திரி நாட்களிலும் பங்குனித் திருவிழாவிலும் நகரமே கோயிலாக இருக்கும். அந்த நாட்களில் அறையை முன்கூட்டியே பிடித்திருக்க வேண்டும்.

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து அனுராதபுரம் வீதியில் சுமார் 8 கிலோமீற்றர். சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறுபடும். இறங்கிக் குளிக்கும் இடமல்ல, வாளியால் அள்ளி ஊற்றும் இடம். சவர்க்காரம் வேண்டாம். காலை 7 மணிக்கு முன் போனால் இளஞ்சூட்டுக் குளியல்; 10 மணிக்குப் போனால் வெயிலும் வெந்நீரும் வரிசையும். போகும் வழியில் நேரமிருந்தால், நிலாவெளி வீதியிலுள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் பத்து நிமிடம் நின்று போகலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின.

சாப்பாடும் சில்லறை விஷயங்களும்

விடுதி மெனுவில் உள்ள பொரித்த உருளைக்கிழங்கை விட்டு நகருக்குப் போங்கள். காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது பிட்டும் மீன்குழம்பும். மதியம் சோறும் மீன்கறியும். இரவில் கணவாய்க் கொத்து, நண்டு. நண்டையும் இறாலையும் நிறையில் விலை பேசுங்கள்; சமைத்த பிறகு தட்டுக் கணக்கில் பேசினால் எப்போதும் கூடும். மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வெயிலுக்கு மருந்து. தாகத்துக்குச் செவ்விளநீரே போதும், சோடா வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா நேரத்தில் நிலாவெளி, கிண்ணியாப் பக்கக் கடைகள் பல மூடியிருக்கும், அதற்கேற்பச் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள்.

பணத்தை நகரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், படகுக்கும் ஓட்டோவுக்கும் ரொக்கம்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் தொலைபேசி மின்னேற்றி, மூன்று தட்டைக் கம்பிச் சுவர்த் துளையில் பொருந்தாது. இணைப்பான் ஒன்று கொண்டுவாருங்கள். தொலைபேசிக்கு நீர் புகாத உறை, உப்பில் வெடித்த உதட்டுக்குத் தைலம், உப்புக் கரைசல் பொதி ஐந்தாறு, நுளம்பு விரட்டும் களிம்பு.

மூன்று பகல் இருந்தால் இப்படி அடுக்கலாம். வந்திறங்கும் நாளில் கடலை அதிகம் ஆசைப்படாமல் ஓய்வெடுத்து மாலையில் கோணேசர் கோயில். இரவே படகு பேசி வைப்பது. இரண்டாம் நாள் விடியலில் புறாத்தீவு, 11 மணிக்குள் திரும்பி, வெயில் தாழும்வரை உறக்கம், 4 மணிக்கு மேல் கரையில் குளியல். இந்தக் கரை கிழக்கு நோக்கியது என்பதால் அந்த நேரத்தில் தென்னை நிழல் நீர்வரை நீளும். மூன்றாம் நாள் பிள்ளைகளிருந்தால் கன்னியாவில் காலைக் குளியல், பிறகு மார்பிள் பீச்; இல்லாவிட்டால் விடியலில் திமிங்கிலப் படகு. புறாத்தீவைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். காற்று ஒரு நாள் கூடுதலாக அடித்தால் படகு விடமாட்டார்கள். கையில் இன்னொரு காலை இருந்தால்தான் அதை ஈடுகட்டலாம்.